அம்மாவின் மேல் சாய்த்து வைத்தது

என் மச்சானை நினைத்தால் முதலில் எனக்குத் தெரிவது அவன் முகம் அல்ல, முதுகு. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த வேளை. எங்கள் வீட்டு நடுவில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டான். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. வீட்டில் இருந்த ஒரே மேசை மின்விசிறி அவன் பக்கம் திரும்பியிருக்கவில்லை. எதிரே கவிழ்த்துப் போட்ட சோற்றுத் தட்டின்மேல் ஒரு லேப்டாப் இருந்தது. காற்று முழுவதும் அதற்குத்தான். செஞ்சியில் வெயில் மேலிருந்து மட்டும் வராது. சுற்றியிருக்கிற பாறையெல்லாம் வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்கும். "மெஷினுக்கு வேர்த்தா வேல நின்னுடும் மாமா. எனக்கு வேர்த்தா இன்னா, தொடச்சிக்கலாம்" என்றான். அந்த லேப்டாப்பிலிருந்து ஒரு கம்பி இறங்கி, சோப்புப் பெட்டி அளவில் இருந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளுக்குப் போனது. அதில் ஒன்றுக்குள் என் மனைவியும் மகளும் நானும் இருக்கிறோம் என்று அவன் சொல்லியிருந்தான். என் மனைவிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

மச்சான் என் மனைவியின் தம்பி. அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு காணி நிலம் இருந்ததில்லை. அவன்தான் முதலில் கல்லூரிக்குப் போனவன். பெங்களூரில், ரத்தத்தை வைத்துப் பரம்பரை நோய் கண்டுபிடிக்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்தான். நான் ஐந்தாவதோடு நின்றவன். சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். கடைத்தெருப் பக்கம் வண்டியைப் போட்டுவிட்டு லோடுக்குக் காத்திருக்கும்போது டீக்கடைப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன். எனக்குத் தெரிந்த தமிழ் அப்படி வந்ததுதான். ஆனால் நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. யாராவது என்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், வண்டிக்கு அடியில் ஏதோ ஒழுகுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். எங்கள் கல்யாணப் படங்களில்கூட நான் பாதிதான் தெரிவேன். மச்சான் அந்த ஆல்பத்தை எடுக்கும்போதெல்லாம், "எங்க அக்கா தனியா நின்னு தானே கட்டிகின மாதிரி இருக்குது. மாமா, நீங்க வந்திருந்தீங்களா அன்னிக்கி?" என்று கேட்பான். அவன் கேலி செய்தால் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவன் பேசினால் நான் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் வரும்.

அவன் வேலை என்னவென்று எனக்குப் புரியவைக்க அவன் ஒருநாள் முயன்றான். லோடு ஏற்ற நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டு இருவரும் அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். மனிதனின் ரத்தத்தில் எழுத்து மாதிரி ஒன்று இருக்கிறதாம். நான்கே எழுத்துகள், திரும்பத் திரும்ப, கோடிக்கணக்கில் வரிசையாக. மெஷின் அதை ஒரே ஓட்டமாகப் படிக்காது. துண்டு துண்டாகக் கிழித்து, ஒரே இடத்தைப் பல தடவை படிக்கும். படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில், 'இதை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்' என்று ஒரு மதிப்பெண்ணும் போடும். ஒரு ஆளுக்கே மலை மாதிரிக் குவிந்துவிடுமாம். அதை அப்படியே வைத்திருந்தால் இடத்துக்கும் கரண்டுக்கும் கம்பெனி தாங்காது. சுருக்கி அடைக்க வேண்டும். ஆனால் வேண்டும்போது விரித்தால் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது.

"எப்டிச் சுருக்குவ?" என்று கேட்டேன்.

"மனுசனுக்கு மனுசன் பெருசா வித்தியாசம் கெடயாது மாமா. எழுத்தெல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால ஒருத்தர முழுசா எழுதி வெச்சிகினு, மத்தவங்களுக்கு எங்கெங்க மாறுதுன்னு அத்த மட்டும் எழுதினா போதும். அவரு மேல இவரச் சாய்ச்சி வெக்கற மாதிரி."

"ஒடம்பு பூரா ஒண்ணுதான்னா, ஊருக்குள்ள இன்னாத்துக்கு இவ்ளோ சண்ட?"

மச்சான் பலகையைத் தட்டிச் சிரித்தான். "அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசத்துக்குத்தான் மாமா. அத்த சுருக்கற மெஷின் இன்னும் வரல." பிறகு என் வண்டியைப் பார்த்து, "நீங்களும் நானும் ஒரே தொழில்தான். லோடு. உங்களுது கண்ணுக்குத் தெரியுது" என்றான்.

இதையெல்லாம் அவன் எனக்குச் சொன்னதற்குக் காரணம் என் மகள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தொடையில் வலு இல்லை. தரையிலிருந்து எழுந்தால் முழங்காலில் கையூன்றித்தான் எழுவாள். மாதா கோயில் படியில் எல்லாரும் ஏறிப்போன பிறகு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். என் மனைவி அவளை அழைத்துக்கொண்டு போகாத ஆஸ்பத்திரி இல்லை. பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுப்பதும் டாக்டரிடம் பேசுவதும் அவள்தான். நான் பை தூக்குவேன். தசை நோய் என்றார்கள். என்ன தசை நோய், இதோடு நிற்குமா, மூச்சுக்கும் இதயத்துக்கும் போகுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மச்சான் எங்கள் மூன்று பேரின் ரத்தத்தையும் தன் கம்பெனியில் பார்க்க ஏற்பாடு செய்தான். பிள்ளைக்குப் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருவதால் மூன்று பேருடையதும் வேண்டுமாம். பார்த்தார்கள். காரணம் தெரியவில்லை என்று வந்தது. "இன்னிக்கித் தெரியல, அவ்ளோதான். வருசா வருசம் புதுசு புதுசா கண்டுபிடிக்கறாங்க. பத்திரமா வெச்சிருந்தா பின்னாடி எடுத்துத் திரும்பப் பாக்கலாம்" என்று மச்சான் அக்காவிடம் சொன்னான். அந்த வார்த்தையை என் மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் விதி அவளைத்தான் முதலில் கூப்பிட்டது. மார்பில் புற்று. ஒரு வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு காலையில் பெரிய டாக்டரோடு படிக்கிற பிள்ளைகள் பலர் வந்து அவள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். துணியை விலக்கி, அவளைக் காட்டி, அவளுக்குப் புரியாத மொழியில் பாடம் நடந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. படிக்க வேண்டிய பிள்ளைகள்தான். அவர்கள் போன பிறகு அவள் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று மாலை அவளைப் பார்க்க வந்த தம்பியிடமும் என்னிடமும் சேர்த்துச் சொன்னாள்: "பாத்ததெல்லாம் போதும். நான் போனதுக்கப்பறம் என்ன எவனும் பாக்கக்கூடாது. டேய், உங்க ஆபிஸ்ல என் ரத்தத்துல எழுதி வெச்சிருக்கறதையும் சேத்துத்தான் சொல்றன். அத்த அழிச்சிடு. பாப்பாளுது இருக்கட்டும்."

"சரிக்கா" என்றான் மச்சான். உடனே சொன்னான். அவன் முகம் மட்டும் மாறியது. அக்கா சாகப்போவதைப் பேசுகிறாளே என்று முகம் மாறுகிறது போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவள் துணிமணிகளைச் சொந்தக்காரப் பெண்களுக்கு எடுத்துக் கொடுத்தோம். பிள்ளைக்கென்று ஒரு சேலையை மட்டும் நிறுத்திக்கொண்டேன். எல்லாரும் போன பிறகு, "அக்கா சொன்னத செஞ்சிட்டியா மச்சான்?" என்று கேட்டேன். அவன் வெளியே போய்ச் செருப்பைப் போட்டான், கழற்றினான், திரும்ப உள்ளே வந்தான்.

"முடியாது மாமா."

"இன்னாத்துக்கு?"

"அக்காவ அழிச்சா பாப்பாவத் தெறக்க முடியாது."

அப்போதுதான் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. குடும்பமாகப் பரிசோதிக்கிறவர்களுக்காக அவனும் அவன் கூட்டாளிகளும் புதிதாக ஒரு முறை கண்டுபிடித்திருந்தார்கள். யாரோ ஒரு பொது ஆளின் மேல் பிள்ளையைச் சாய்ப்பதைவிட, பெற்ற தாய் தகப்பன் மேலேயே சாய்த்துவிட்டால் வித்தியாசம் இன்னும் குறைந்துவிடும். பிள்ளையின் கோப்பு மிகச் சின்னதாகிவிடும். அதை முதலில் சோதித்துப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டியிருந்தது. "வெளியாளு வீட்டுதுல போட்டுப் பாக்க மனசு வரல மாமா. ஏதாச்சும் கெட்டுதுன்னா பாவம். நம்ம வீட்டுதயே போட்டன். எவ்ளோ சுருங்கிச்சி தெரியுமா! ஆபிஸ்ல கைதட்டினாங்க." அவன் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான். "ஒரு அம்மா இல்லாமப் போவாங்க, அழிக்கச் சொல்லிக் கேப்பாங்கன்னு எங்க யாருக்கும் தோணல. எல்லாரும் எழுத்தா தெரிஞ்சாங்க எங்களுக்கு."

நான் அவனைத் திட்டவில்லை. திட்டவும் எனக்குத் தெரியாது. பிள்ளை தாய் மேல் சாய்ந்திருப்பதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு பக்கம் அவளுக்குக் கொடுத்த வாக்கு, இன்னொரு பக்கம் பிள்ளையின் நோய்க்குப் பெயர் கிடைக்க இருந்த ஒரே வழி. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று நினைத்து, அந்த வாரம் முழுக்க வண்டியை ஓட்டும்போதுகூட என் கவனம் ரோட்டில் இல்லை.

மச்சான்தான் வழி கண்டுபிடித்தான். தாய் தகப்பன் கோப்புகள் இருக்கும்போதே பிள்ளையின் கோப்பை முழுதாக விரித்து, தனியாக நிற்கும்படி எழுதிவிடுவது. ஒரு எழுத்தும் மாறவில்லை என்று சரிபார்த்த பிறகு தாயினுடையதை அழிப்பது. கம்பெனியில் முறையாக எழுதிக் கேட்டு, எங்கள் மூவருடையதையும் எங்களுக்கே வாங்கிக்கொடுத்தான். அவர்களிடம் இருந்ததை அவர்கள் அழித்துவிட்டார்கள். இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கறுப்புப் பெட்டிகளோடு எங்கள் வீட்டு நடுவில் உட்கார்ந்தான். உலகத்தில் வேறு எங்கும் நகல் இல்லை. எல்லாம் அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குள்தான், மற்றது விரித்து எழுதக் காலியாக இருந்தது.

வேலை மெதுவாகப் போனது. திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. என் மகள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் பத்தாவது எழுதி முடித்திருந்தாள். மதியம் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது. லேப்டாப் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு சூடேறி அதுவும் அணைந்தது. மச்சான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அம்மா போயிட்டாங்களா?" என்று என் மகள் கேட்டாள்.

"இல்லடி பாப்பா, அக்கா பத்திரம். விரிச்சி வெச்சிகினு இருந்தமே, அதான் பாதில நின்னுச்சி. திரும்ப ஆரம்பிக்கணும்."

மறுநாள் காலை குளிர்ச்சியில் மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை முழுதாக முடிந்தது. பிறகு சரிபார்த்தான், விரித்ததும் பழையதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. "பாப்பா தனியா நின்னுட்டா" என்றான். இனி அழிக்க வேண்டியதுதான். அவன் அழிக்கவில்லை. லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லிடறன். மறைக்கக்கூடாது. பின்னாடி டாக்டருங்க திரும்பப் பாக்கறப்ப அக்காளுதும் இருந்தா, எது எங்கேர்ந்து வந்துச்சின்னு ஒப்பிட்டுப் பாக்க சுலபமா இருக்கும். இல்லன்னா கஷ்டம். கெடைக்கறது கெடைக்காமகூடப் போவலாம்."

எனக்கு அழிக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. பிள்ளைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் அவளுடையது ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்ற ஆசைதான் அது. துணியைக் கொடுத்தாகிவிட்டது, இதையும் விட மனம் வரவில்லை. "செத்தவங்களுக்கு இன்னா தெரியப்போவுது, இருந்துட்டுப் போவட்டுமே" என்று மச்சானிடம் சொன்னேன். அவனும் தலையாட்டினான். அவனுக்கும் அக்கா.

என் மகள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். அவள் எழும்போது யாரும் கைகொடுக்கக் கூடாது. அது அவளுக்குப் பிடிக்காது. எழுந்து நின்று சொன்னாள்: "நைனா, என் காலப் பாக்க எத்தினி பேரு வந்தாங்க. நடந்து காட்டு, ஒக்காந்து காட்டு, எழுந்து காட்டுன்னு. ஒவ்வொரு வாட்டியும் எனக்கு எப்டி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க இல்ல? அப்ப வேணாம்."

"உனக்கு நோவு இன்னான்னு தெரியாமப் போயிட்டா?"

"இப்ப மட்டும் தெரியுதா?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன், குனிந்த தலையாலேயே சரி என்றேன். அழிப்பது நொடியில் முடிந்துவிடுமென்று நான் நினைத்தேன். அப்படி இல்லை, பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாதாம். எழுதியிருந்த இடமெல்லாம் வேறொன்றை எழுதி நிரப்ப வேண்டுமாம். நிரம்பும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். என் மகள் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். கூடவே மச்சானும் முணுமுணுத்தான். காலேஜ் போன நாளிலிருந்து அவன் ஜெபம் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு திரையில் எங்கள் கோப்புகளைக் காட்டினான். என்னுடையது ஒன்று, மகளுடையது ஒன்று. முதலில் மகளுடையது என்னுடையதில் ஒரு துளிதான் இருந்தது. இப்போது எனக்குச் சமமாக, ஏன், ஒரு சுற்று கூடவே இருந்தது. "அம்மா மேல சாய்ஞ்சிருந்த வரிக்கும் கொஞ்ச எடம் போதுமா இருந்துச்சி மாமா. தனியா நிக்கணும்னா இவ்ளோ எடம் வேணும்" என்றான். அவன் தன் தொழிலைப் பற்றித்தான் சொன்னான். நான் திரையைப் பார்க்கவில்லை. அடுப்படியில் தட்டுகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. மச்சான் அந்த வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டான். போகும் முன்பு, தாய் தகப்பன் மேல் சாய்க்கிற முறையைக் கம்பெனியில் நிறுத்தவைத்துவிட்டுத்தான் போனான் என்று கேள்விப்பட்டேன். கைதட்டியவர்களிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பான் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவன் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். டவுன் பஸ் படி உயரம். கண்டக்டர் கொஞ்சம் பொறுத்தால் ஏறிவிடுவாள். பொறுக்காத கண்டக்டரை அவளே பார்த்துக்கொள்கிறாள். அந்த வாய் எனக்கு வராதது, அம்மாவிடமிருந்து வந்தது.

போன மழைக்காலத்தில் மச்சான் ஏற்பாட்டில் வேறு டாக்டர்கள் அந்தப் பழைய எழுத்துகளை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். முதல் தடவை பார்த்தபோது மெஷின் தயங்கித் தயங்கிப் படித்த ஓர் இடம் இருந்ததாம். அப்போது அதைத் தள்ளிவிட்டார்கள். தயக்கத்தின் மதிப்பெண்கள்கூடப் போகாமல் அப்படியே இருந்ததால் இப்போது அதைப் புது முறையில் படிக்க முடிந்தது. ஒரே இடத்தில் இரண்டு விதமான பிழைகள். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். நோய்க்குப் பெயர் கிடைத்தது. மருந்து இல்லை. ஆனால் மூச்சுக்கோ இதயத்துக்கோ பெரும்பாலும் போகாத வகை என்று சொன்னார்கள். மச்சான் வீடியோவில் இதைச் சொன்னபோது, நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் போனோடு நின்ற என் மகளிடம் அவன் விளக்கினான். இரண்டு பிழைகளில் ஒன்று அப்பாவிடம் இருக்கிறது. இன்னொன்று அப்பாவிடம் இல்லை. புதிதாக முளைத்திருக்கலாம்தான், ஆனால் அது அபூர்வம். ஆகவே அது அம்மா கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

என் மகள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு, "அப்ப அம்மாவப் பாத்துட்டாங்களா மாமா?" என்று கேட்டாள்.

"பாக்கல பாப்பா" என்றான் அவன். "உங்க நைனாவத்தான் தலையிலேர்ந்து கால் வரிக்கும் பாத்தாங்க. அவருகிட்ட இல்லாதது அக்காளுதுன்னு தெரிஞ்சிகினாங்க."

பிறகு வழக்கமான குரலில், "மாமா எங்க? கேமராவுல வரச் சொல்லு, மூஞ்சப் பாக்கலாம்" என்றான். என் மகள் போனை என் பக்கம் திருப்பினாள். நான் குனியவில்லை.